வணிக ஆங்கில உரையாடலில் வினாவும் விடையும்: தென்சென்னைப் புறநகர் வழக்கை முன்வைத்து ஒரு பயன்வழி மொழியியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் ஆங்கிலம் இன்று பிழைப்புக்குரிய மொழி. அம்மொழியில் நிகழும் தொழில்முறை உரையாடல்களில் தமிழர் இடறுவதற்குச் சொல்வளக் குறைவும் இலக்கணப் பிழையுமே காரணம் எனப் பயிற்சி நூல்கள் பெரும்பாலும் கொள்கின்றன. அதற்கு மேல் செல்பவை பணிவுத் தொடர்களின் பட்டியல் ஒன்றைத் தந்து நின்றுவிடுகின்றன. தமிழ் வழக்கு வேண்டுகோளை நேராகவும் மறுப்பைக் குறிப்பாகவும் சொல்லப் பழகியது. அலுவலக ஆங்கிலமோ வேண்டுகோளைச் சுற்றி வளைத்தும் மறுப்பை வெளிப்படையாகவும் எதிர்பார்க்கிறது. இந்த இடமாற்றமே இடறலின் மூலம் என்பதைத் தொல்காப்பியம், நன்னூல் ஆகியவற்றின் வினா விடைக் கோட்பாட்டையும், கிரைஸ், பிரவுன், லெவின்சன், ஜென்னி தாமஸ், கம்பெர்ஸ் ஆகியோரின் கருத்துகளையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. இடறலைச் சரிசெய்யும் சுமை ஒரு தரப்பின்மேல் மட்டுமே ஏற்றப்படுவதையும் அது விமர்சிக்கிறது.

குறிச்சொற்கள்: பயன்வழி மொழியியல், பணிவு, குறிப்புப்பொருள், செப்பு, வினா, விடைவகை, வணிக ஆங்கிலம், தாம்பரம்

முன்னுரை

தாம்பரம் சானடோரியத்தில் சென்னை ஏற்றுமதி மண்டலம் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தரமணியில் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன்பின் பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் அலுவலகங்கள் எழுந்தன. மேற்கே ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் வாகனத் தொழிலின் இடங்களாயின. அயல்நாட்டாரோடு வணிகம் பேசுவது இப்பகுதிக்கு மென்பொருளோடு வந்த புதுமையன்று. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் தொழில் அதற்கு முன்பே கடல்கடந்த வாங்குவோரை நம்பி இயங்கியது. குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயரே ஒரு தோல் தொழிற்சாலையின் பெயரிலிருந்து வந்தது. அன்று ஆங்கிலம் முதலாளியின் கடிதத்திலும் எழுத்தரின் மேசையிலும் இருந்தது. இன்று முடிச்சூரிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் வாடகைக்குக் குடியிருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரியின் வாயில் இருக்கிறது. கடிதத்துக்குச் சிந்திக்க நேரம் உண்டு, தொலைபேசி அழைப்பில் அது இல்லை. எழுத்திலிருந்து பேச்சுக்கு நேர்ந்த இந்த நகர்வுதான் சிக்கலைப் பயன்வழி மொழியியலின் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

பயன்வழி மொழியியல் என்பது, ஒரு தொடர் தன் சொற்களால் தரும் பொருளுக்கு அப்பால், பேசுவோன், கேட்போன், இடம், உறவு ஆகியவற்றால் பெறும் பொருளை ஆராயும் துறை. ஆங்கிலத் துறைகளில் இது 'பிராக்மேட்டிக்ஸ்' என்று கற்பிக்கப்படுகிறது. தமிழ்த் துறைகளில் அப்பெயரில் கற்பிக்கப்படுவது குறைவு. ஆயினும் அதன் பொருட்பகுதியில் பெரும்பங்கு நம் சொல்லதிகாரத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் முயற்சி. இது எண்ணிக்கை வழிப்பட்ட கள ஆய்வன்று. இப்பகுதியில் வாழ்வோர் பலரும் கேட்டறிந்த வழக்குகளையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. உரையாடல் மாதிரிகள் விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டவை.

பயிற்சி நூல்கள் கற்பிப்பது

ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' பலகைகளைக் காணலாம். கல்லூரிகளில் 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்னும் பெயரில் பாடவேளைகள் உள்ளன. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இடம்பெறுகிறது. தேவை உண்மையானது, அதை எள்ளி நகையாடுவது வேலை கிடைத்துவிட்டவர்களுக்கு மட்டுமே இயலும் பொழுதுபோக்கு.

ஆனால் இப்பயிற்சிகளின் பொதுவான பாங்கு ஒன்று உண்டு. இடப்பக்கம் 'பணிவற்ற தொடர்', வலப்பக்கம் 'பணிவான தொடர்' என்று ஓர் அட்டவணை. 'கிவ் மீ' என்பதற்கு எதிரே 'குட் யூ ப்ளீஸ் கிவ் மீ'. 'நோ' என்பதற்கு எதிரே 'ஐ யாம் அஃப்ரெய்ட்'. மாணவர் மனனம் செய்கின்றனர். அட்டவணையின் அடியில் சொல்லப்படாத ஒரு துணிபு கிடக்கிறது: ஆங்கிலம் நேரடியான மொழி, தமிழர் சுற்றி வளைப்பவர், ஆங்கிலம் பணிவான மொழி, தமிழர் பணிவறியாதவர். இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று மறுப்பன என்பதை அட்டவணையை எழுதியவர் கவனித்ததாகத் தெரியவில்லை. 'குட் யூ ப்ளீஸ்' என்று ஒரு வேண்டுகோளை வினாவுக்குள் பொதிந்து வைக்கும் மொழியை நேரடியான மொழி என்பது எங்ஙனம்?

உண்மையில் நேர்மொழியும் சுற்றுமொழியும் இரு மொழிகளிலும் உண்டு. அவை இருக்கும் இடங்களே வேறு.

'ங்க' செய்யும் பணி

பேச்சுத்தமிழில் 'அனுப்புங்க' என்பது வடிவத்தால் ஏவல். ஆயினும் அதில் ஆணையின் கடுமை இல்லை. வினையின் ஈற்றில் ஒட்டிய 'ங்க' கேட்போனின் மதிப்பைக் காத்துவிடுகிறது. அதோடு 'கொஞ்சம்' என்பதைச் சேர்த்தால் போதும். 'கொஞ்சம் அனுப்புங்க' என்பதில் கொஞ்சம் என்னும் சொல் அளவைக் குறிப்பதன்று. கேட்கும் செயலைச் சிறிதாக்கிக் காட்டுவது. இவ்விரண்டும் இருக்கையில் தமிழர் 'தயவுசெய்து' என்னும் சொல்லை அன்றாடப் பேச்சில் நாடுவதில்லை. அது அறிவிப்புப் பலகைக்கும் மன்றாட்டுக்கும் உரியது.

இப்பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குச் செல்பவரிடம் 'சென்ட் மீ தி ஃபைல் டுடே' என்னும் தொடர் பிறக்கிறது. இலக்கணப் பிழை ஏதுமில்லை. சொன்னவர் மனத்தில் 'அனுப்புங்க' ஒலிக்கிறது; அயர்லாந்திலோ அமெரிக்காவிலோ கேட்பவர் காதில் 'அனுப்பு' என்று விழுகிறது. ஆங்கில வினைக்கு மரியாதை ஈறு இல்லை. அதன் பணியை அங்கே தொடரமைப்பு செய்கிறது: வினாவாக்குவது, கடந்தகால வடிவத்தை ஏற்றுவது, 'முடியுமா' என்னும் ஐயத்தை முன்வைப்பது. தமிழில் உருபனியல் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் தொடரியல் செய்கிறது எனலாம். 'ப்ளீஸ்' என்பதை மட்டும் ஒட்டவைத்தால் இவ்விடைவெளி நிரம்பாது. 'ப்ளீஸ் சென்ட்' என்பதும் பல செவிகளுக்குக் கட்டளையே.

தமிழர் ஆங்கிலத்தில் 'சார்' அடிக்கடி வருவதை அடிமைப்புத்தி என்று பழிப்போர் உண்டு. அதை 'ங்க' என்னும் ஈற்றின் இடமாற்றமாகக் காண்பதே பொருத்தம். 'சென்ட் தி ஃபைல், சார்' என்பதில் 'சார்' தொடரின் இறுதியில், ஏறத்தாழ 'ங்க' நிற்கும் இடத்திலேயே நிற்கிறது. மென்பொருள் அலுவலகங்களோ 'சார்' கூடாது, பெயர் சொல்லி அழையுங்கள் என்று விதி செய்தன. விதியின் நோக்கம் நல்லது. ஆனால் மரியாதையைச் சுமந்த ஒரே சொல்லையும் எடுத்துவிட்டு, அதற்கு ஈடான தொடரமைப்பைக் கற்பிக்காமல் விட்டபோது, வெற்று ஏவல் மட்டும் மிஞ்சியது.

இதனால் தமிழில் மறைமுக வேண்டுகோளே இல்லை என்பது பொருளன்று. கடையில் 'பேனா இருக்கா?' என்று கேட்பது இருப்பை அறியும் நோக்கமுடையதன்று. நன்னூலார் வினாவை ஆறாகப் பகுத்தபோது அறிவினா, அறியாவினா, ஐயவினா ஆகியவற்றோடு கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பவற்றையும் வைத்தார். பின் மூன்றும் வடிவத்தால் வினாவாயினும் செயலால் பெறுதலும் கொடுத்தலும் ஏவுதலும் ஆகும். அமெரிக்கத் தத்துவவாதி ஜான் செர்ல் 1975இல் மறைமுகப் பேச்சுச்செயல் என்று விளக்கியதன் ஒரு பகுதி, பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த இப்பாகுபாட்டில் அடங்கியிருக்கிறது. ஆயினும் தமிழர் கொளல்வினாவை நாடுவது மரியாதை கருதியே என்று கொள்ள வேண்டியதில்லை. மரியாதைக்கு வேறு கருவி கையில் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிச் செல்லலாம். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நம்மவர் கூறுவது 'ஒரு சந்தேகம் கேட்கணும்' என்பதன் பெயர்ப்பு. தமிழில் ஐயம் வினாவின் ஒரு வகை. ஆங்கிலத்தில் 'டவுட்' நம்பாமையின் ஒரு வகை. வடிவமைப்பைக் காட்டிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளரிடம் இத்தொடரைச் சொன்னால், அவர் தம் திறமை ஐயுறப்படுவதாக எண்ணி முகம் சுளிக்க இடமுண்டு.

பயறு கேட்டவருக்கு உழுந்து

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செப்பையும் வினாவையும் வழுவாமல் காக்கச் சொல்கிறார். வினாவுக்கு எதிராக வினாவே வரினும் அது செப்பாகும் என்கிறார். விடையின் தகுதியை வடிவத்தால் அளக்காமல், வினவியவனுக்கு அது தரும் பொருளால் அளக்கும் நிலைப்பாடு இது.

அதே இயலில், ஒரு பொருள் இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்துக்கும் விதி இருக்கிறது. கேட்ட பொருளைச் சொல்லி 'இல்லை' என்னாமல், அதனின் வேறான பொருளைச் சொல்லி 'அதுவல்லது இல்லை' என்க என்பது விதியின் சாரம். உரையாசிரியர்கள் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு ஒரு வணிக உரையாடல். வாங்க வந்தவன் வணிகரிடம் பயறு உண்டா என்கிறான். வணிகர் உழுந்தைத் தவிர வேறில்லை என்கிறார். அந்த ஒரு விடையில் மூன்று செய்திகள் உள்ளன: பயறு இல்லை, இனமான உழுந்து உண்டு, வேண்டுமாயின் வாங்கலாம். 'இல்லை' என்னும் வெற்று மறுப்பு வாங்க வந்தவனைத் திருப்பியனுப்பிவிடும். இவ்விடை அவனைக் கடையில் நிறுத்துகிறது.

பால் கிரைஸ் 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய வில்லியம் ஜேம்ஸ் சொற்பொழிவுகளில், உரையாடல் என்பது கூட்டுறவுச் செயல் என்றும், அளவு, மெய்மை, தொடர்பு, முறை என்னும் நான்கு நெறிகளை இருவரும் எதிர்பார்ப்பதாலேயே சொல்லாத பொருள் புலப்படுகிறது என்றும் விளக்கினார். உழுந்து என்று கேட்டவன், 'நான் பயறுதானே கேட்டேன், தொடர்பில்லாமல் ஏன் உழுந்தைச் சொல்கிறார்' என்று எண்ணி, 'பயறு இல்லாததால்' என்னும் விடையைத் தானே அடைகிறான். கிரைஸ் கூறும் உய்த்துணர்வின் படி இதுவே. முன்னோர் முன்பே சொன்னார் என்று மகிழ்ந்து நின்றுவிடுவது நம் துறையில் வழக்கமாகிவிட்டது. அம்மகிழ்ச்சியால் இங்கே பயன் சிறிதே. தமிழ் மரபு இவ்வகை விடைகளை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தது என்பதே நமக்கு வேண்டியது.

நன்னூல் விடையை எட்டாகப் பகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் வெளிப்படை விடைகள். பின் ஐந்தும் குறிப்பால் அப்பொருளைத் தருதலின் விடையாக ஏற்கப்படும் என்கிறது நூற்பா. 'எழுதுவாயா?' என்பதற்குக் 'கை வலித்தது' என்பது உற்றதுரைத்தல், 'கை வலிக்கும்' என்பது உறுவது கூறல், 'வேண்டுமானால் படித்துக் காட்டுகிறேன்' என்பது இனமொழி. மூன்றும் தமிழர் செவிக்கு மறுப்பே. எவரும் 'அப்படியானால் எழுதுவாயா மாட்டாயா' என்று மீண்டும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரே நயமறியாதவர்.

இப்போது சோழிங்கநல்லூரில் மாலை நேர அழைப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அமெரிக்க வாடிக்கையாளர் 'வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை முடியுமா?' என்று ஆங்கிலத்தில் வினவுகிறார். நம் பொறியாளர், 'வியாழனன்று சர்வர் மாற்றம் இருக்கிறது' என்கிறார். இது உறுவது கூறல். பக்கத்தில் அமர்ந்திருக்கும் சக தமிழருக்கு 'முடியாது' என்பது ஐயமின்றி விளங்கிவிட்டது. வாடிக்கையாளருக்கோ ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. மாற்றத்தையும் கணக்கில் கொண்டு இவர் வெள்ளிக்குள் முடிப்பார் என்று அவர் குறித்துக்கொள்கிறார். சனிக்கிழமை காலை இருவரும் ஒருவரையொருவர் குறை கூறுகின்றனர். பொறியாளர் சொல்கிறார்: 'நான்தான் அப்போதே சொன்னேனே.' வாடிக்கையாளர் சொல்கிறார்: 'அவர் சொல்லவே இல்லை.' இருவர் கூற்றும் மெய்.

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தம் வீட்டில் குறிப்பால் மறுக்காதவர் அல்லர். விருந்துக்கு அழைத்தால் 'மறுநாள் தேர்வு இருக்கிறது' என்பர். கிரைஸின் கோட்பாடே அவ்வகை ஆங்கில வழக்குகளின்மேல் எழுந்தது. வேறுபாடு மொழியில் இல்லை, உரையாடல் வகையில் இருக்கிறது. பணி ஒப்புக்கொள்ளும் அழைப்பில், நாள் குறித்த வினாவுக்கு நேர் அல்லது மறை வந்தாக வேண்டும், மற்றவை விடையாகா என்பது அவ்வலுவலக மரபின் எழுதாத விதி. காரணத்தை மென்மையாக்கலாம், முன்னதாக வருத்தம் கூறலாம். முடியாது என்பதை மட்டும் சொல்லாமல் விடலாகாது. தமிழில் 'பார்க்கலாம்', 'முயற்சி பண்றேன்' என்பன பல இடங்களில் கதவைச் சத்தமின்றிச் சாத்தும் சொற்கள். 'ஐ வில் டிரை' என்று பெயர்த்தவுடன் அவை கதவைத் திறப்பனவாக மாறிவிடுகின்றன.

பயிற்சி அட்டவணைகள் இங்கேதான் வெறுமையாக உள்ளன. வேண்டுகோளுக்குப் பத்துத் தொடர் தரும் நூல், குறிப்பு மறுப்பு விடையாகக் கொள்ளப்படாத இடம் எது என்று ஒரு வரிகூடத் தருவதில்லை.

உம் கொட்டல்

கதை கேட்பவர் 'உம்' கொட்டுவது தமிழ்ப் பண்பு. உம் கொட்டாதவரிடம் கதை சொல்வது சுவரிடம் சொல்வது. தொலைபேசியில் 'சொல்லுங்க' என்று தொடங்கி 'ஆங்', 'சரி சரி' என்று தொடர்வது, 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு மேல் எதற்கும் உறுதிமொழியன்று. ஆங்கில அழைப்பில் இவை 'டெல் மீ', 'எஸ் எஸ்', 'ஓகே ஓகே' ஆகின்றன. எதிர்முனையில் இருப்பவர் ஒவ்வொரு 'எஸ்' என்பதையும் உடன்பாடாக எண்ணிக்கொள்கிறார். நேரில் பேசுங்கால் தலையசைவும் கண்ணும் திருத்திவிடும் பொருளைத் தொலைபேசி திருத்துவதில்லை. ஜப்பானியரின் 'ஹாய்' என்னும் சொல்லைப் பற்றியும் இதே குறை சொல்லப்படுகிறது. எனவே இதைத் தமிழரின் தனிக்குறை எனக் கொள்ள இடமில்லை.

தவறு மொழியிலா, குணத்திலா?

ஜென்னி தாமஸ் 1983இல் வெளியிட்ட கட்டுரையில் பயன்வழித் தவறுகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு மொழியின் தொடருக்குரிய செயலாற்றலை மற்றொரு மொழியின் தொடர்மேல் ஏற்றிவிடுவது மொழிசார்ந்தது. எது பெரிய கோரிக்கை, யாரிடம் எதைக் கேட்கலாம் என்னும் மதிப்பீட்டில் மாறுபடுவது சமூகம் சார்ந்தது. 'சென்ட் மீ' முதல் வகை; மேலாளர் வினாவுக்கு முகத்துக்கு நேரே 'முடியாது' என்னத் தயங்குவது இரண்டாம் வகை.

தாமஸ் சொன்ன மற்றொன்று இன்னும் முக்கியமானது. இலக்கணத்தில் தவறுபவரைக் கேட்போர் 'மொழி போதாது' என்று கருதுவர். இலக்கணம் சரளமாக இருந்து பயன்வழியில் தவறுபவரையோ, 'குணம் சரியில்லை' என்பர். தென்புறநகர்ப் பட்டதாரியின் நிலை இதுவே. பத்தாண்டு உழைத்து இலக்கணத்தைத் திருத்திக்கொண்ட பிறகுதான் அவர் இக்கண்ணியில் சிக்குகிறார். வேண்டுகோளில் அதிகாரத் தோரணையுடையவர், மறுப்பில் நழுவுபவர் என்று ஒரே மனிதருக்கு எதிரெதிரான இரண்டு குணங்கள் ஏற்றப்படுகின்றன. ஆண்டு மதிப்பீட்டில் இது 'தகவல் தொடர்புத் திறன்' என்னும் கட்டத்தில் ஓர் எண்ணாக விழுகிறது. ஊதிய உயர்வு அவ்வெண்ணைப் பார்த்து வருகிறது. இன்னும் எளிய, இன்னும் மோசமான ஒரு சொல்லும் உண்டு: நம்பத்தகாதவர்.

கோவை மாவட்டத்திலிருந்து சென்ற கோட்பாடு

பயிற்சி நூல்களின் பணிவுத் தொடர்ப் பட்டியலுக்குப் பின்னால், பெரும்பாலும் பெயர் சொல்லப்படாமல், பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் பணிவுக் கோட்பாடு நிற்கிறது. 1978இல் நீண்ட கட்டுரையாகவும் 1987இல் தனிநூலாகவும் வெளிவந்த அக்கோட்பாடு, 'முகம்' என்னும் கருத்தை மையமாகக் கொண்டது. பிறரால் விரும்பப்பட வேண்டும் என்னும் விழைவும், பிறரால் தடுக்கப்படாதிருக்க வேண்டும் என்னும் விழைவும் எல்லா மனிதருக்கும் உரியன. பணிவு என்பது இவற்றுக்கு நேரும் ஊறைத் தணிக்கும் உத்தி. 'முகம் கோணாமல்', 'முகத்தில் அடித்தாற்போல்', 'முகதாட்சணியம்' என்றெல்லாம் வழங்கும் தமிழர்க்கு இதைப் புரியவைக்க அதிகம் முயல வேண்டியதில்லை.

அக்கோட்பாடு நின்ற மூன்று மொழிகளுள் ஒன்று தமிழ். ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்ட்டால் ஆகியவற்றோடு கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பேச்சுத்தமிழே அதன் சான்று. லெவின்சன் 1977இல் பெர்க்லியில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும் தமிழ்ச் சிற்றூரின் சமூகச் சுட்டைப் பற்றியது. உலகெங்கும் வணிகத் தொடர்பியல் வகுப்புகளில் ஓதப்படும் கோட்பாடு, ஒரு பகுதியேனும் கொங்கு நாட்டுத் தெருவில் கேட்டெழுதப்பட்டது. அது ஆங்கிலத் தொடர்ப் பட்டியலாகச் சுருங்கித் தாம்பரத்துக்குத் திரும்பி வருகையில் தமிழ்ப்பகுதி முழுவதும் உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்தது தமிழ் மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம், அதிகாரமும் உதிர்ந்தது. ஒரு செயல் முகத்துக்கு எவ்வளவு ஊறு செய்யும் என்பது அதிகார வேறுபாடு, சமூகத் தொலைவு, கோரிக்கையின் கனம் ஆகிய மூன்றால் தீரும் என்பது அவர்கள் துணிபு. அச்சிற்றூரில் அதிகார வேறுபாடு என்பது முதன்மையாகச் சாதி. யார் யாரை 'நீ' என்பது, யார் யாரை 'நீங்க' என்பது, எது திரும்பி வராது என்பவற்றை அவர்கள் மறைக்காமல் பதிவு செய்தனர். பயிற்சி நூலோ அதிகாரமற்ற வெளியில் இரு சமமான மனிதர் பேசிக்கொள்வதாகப் பாவித்து, 'குட் யூ' என்று சொன்னால் போதும் என்கிறது.

தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் நம்மைப் பெருமிதம் கொள்ள விடுவதில்லை. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் இரத்தலுக்கு உரியனவாகக் கூறி, இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பான் எனப் பிரிக்கிறார். வேண்டுகோளின் வடிவம் பேசுவோனின் நிலையால் தீரும் என்னும் இக்கூற்று, அதிகார வேறுபாட்டை இலக்கணத்துக்குள்ளேயே எழுதியது. அதை விளக்கமாகப் படிக்கலாம். விதியாக ஏற்க இன்று இயலாது. ஒருவரைப் பன்மையால் குறிக்கும் உயர்சொல், வழக்கால் வந்ததே அன்றி இலக்கண நெறியால் வந்ததன்று என்று கிளவியாக்கத்தில் அவர் கூறியதும் உண்டு. வழக்கால் வந்தது வழக்கால் மாறும் என்று அதை நீட்டிக்கொள்ள எனக்கு விருப்பம்; ஆயினும் நூற்பா அவ்வளவு தூரம் செல்லவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஊரில் 'நீங்க' என்னும் சொல்லைத் திரும்பப் பெறாத குடும்பத்திலிருந்து வந்த இளைஞருக்கு, ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' பெரும் விடுதலை. யாரையும் எவ்வாறு விளிப்பது என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை. தாய்மொழியை விட்டுவிட்டார் என்று அவரைக் குறை கூறும் கட்டுரைகள் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் பிரதிப்பெயரிலிருந்து நீங்கிய அதிகாரம் உரையாடலிலிருந்து நீங்கவில்லை. யார் வினவலாம், யார் விடையளிக்கக் கடமைப்பட்டவர், யாருடைய மௌனம் சிந்தனை, யாருடைய மௌனம் அறியாமை என்பவை அழைப்புக்கு முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பு மறுப்பைப் பண்பாட்டுப் பழக்கம் என்று மட்டும் விளக்குவது எனவே போதாது. மறுத்தால் புகார் மேலிடத்துக்குப் போகும் என்று அறிந்தவர் எம்மொழியிலும் சுற்றி வளைத்தே பேசுவார்.

இரு தரப்பும் கேட்ட ஒலிப்பதிவு

ஜான் கம்பெர்ஸ் 1982இல் வெளியான தம் நூலில் விவரிக்கும் நிகழ்வு ஒன்று இங்குப் பொருந்தும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் பணியாளர் உணவகத்தில், இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் உணவு பரிமாறினர். அவர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்று உண்ண வந்தோர் குறைபட்டனர். ஒலிப்பதிவைக் கேட்டபோது காரணம் ஒரே சொல்லில் தெரிந்தது. குழம்பு வேண்டுமா என்பதற்கு ஆங்கிலேயப் பணியாளர் 'கிரேவி?' என்று குரலை ஏற்றிக் கேட்பார். இப்பெண்கள் குரலை இறக்கிக் 'கிரேவி' என்றனர். கேட்டவருக்கு அது வினாவாகப் படவில்லை, 'இதோ கிடக்கிறது' என்பதுபோல் பட்டது.

அப்பெண்கள் ஏற்றக்குரலின் வேறுபாட்டை அறிந்துகொண்டனர். அதே வேளையில் மேற்பார்வையாளரும் இறங்கிய குரல் இப்பெண்களின் இயல்பான வினா, அதில் அலட்சியம் இல்லை என்று அறிந்துகொண்டனர். ஒலிப்பதிவு இரு தரப்புக்கும் ஒலிபரப்பப்பட்டது. தென்சென்னைப் பயிற்சி அறைகளில் ஒரு தரப்பே அமர்ந்திருக்கிறது. 'பார்க்கலாம்' என்பதன் பொருளை எந்த வாடிக்கையாளருக்கு யார் கற்பித்தார்?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் சென்றால் இவ்வினா இன்னும் கூர்மையாகிறது. ஹூண்டாய் 1998 முதல் அங்கே கார் உற்பத்தி செய்கிறது. ரெனோ நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. கொரியரும் ஜப்பானியரும் தமிழரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்கின்றனர். ஆங்கிலம் அவர்களுள் எவருக்கும் தாய்மொழியன்று. கொரிய மொழியும் தமிழைப்போல் வினையின் இறுதியில் மரியாதையை ஏற்றும் மொழி. வீட்டில் வினையீற்றால் மரியாதை காட்டும் இருவர், வினையீறே இல்லாத மூன்றாம் மொழியில் ஒருவரையொருவர் மரியாதையற்றவர் என்று எண்ணிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. இங்கே லண்டன் வழக்கை அளவுகோலாக வைக்கும் பயிற்சி நூல் யாருக்காக எழுதப்பட்டது?

பாடத்திட்டம் பற்றி

நம் கல்லூரிகளில் இளங்கலை மாணவர் பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் படிக்கின்றனர். வினா ஆறு, விடை எட்டு என்பது பள்ளியிலேயே மதிப்பெண்ணுக்காக மனனம் செய்யப்பட்டு, தேர்வோடு மறக்கப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து அதே மாணவர் அடுத்த தாழ்வாரத்தில், வேறோர் ஆசிரியரிடம், ஆங்கிலத்தில் எவ்வாறு மறுப்பது என்று ஒன்றும் அறியாதவர்போல் தொடங்குகிறார். இரு துறை ஆசிரியர்களும் ஒரே ஓய்வறையில் தேநீர் அருந்துகின்றனர்.

ஒரு பாடவேளையில் செய்யத்தக்க பயிற்சி இது. 'வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?' என்னும் வினாவை வைத்து, எட்டு வகை விடைகளையும் மாணவர் முதலில் தமிழில் எழுதட்டும். பிறகு ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லட்டும். எது விடையாக எஞ்சுகிறது, எது தகவலாகச் சுருங்குகிறது என்று வகுப்பு குறிக்கட்டும். உறுவது கூறலை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பின்னால் 'ஆகவே வெள்ளியன்று முடியாது, செவ்வாயன்று தருகிறோம்' என்று மறையையும் இனமொழியையும் சேர்த்தால் போதும். பயறு கேட்டவருக்கு உழுந்தைக் காட்டிய வணிகர் செய்ததும் ஏறத்தாழ அதுவே. வேண்டுகோளுக்கும் இவ்வாறே, 'அனுப்புங்க' என்பதில் உள்ள 'ங்க' ஆங்கிலத் தொடரில் எங்கே போய் அமர்கிறது என்று தேடச் சொல்லலாம். மனனம் செய்த 'குட் யூ' எந்த வேலையைச் செய்கிறது என்று அப்போது தெரியும். எப்போது அதை வேண்டுமென்றே விட்டுவிடலாம் என்பதும் தெரியும்.

பயிற்சியின் இரண்டாம் பகுதி கல்லூரிக்கு வெளியே நடக்க வேண்டியது. நிறுவனங்கள் அயல்நாட்டுக் குழுவினருக்குத் தரும் அறிமுகக் குறிப்புகளில் விடுமுறை நாள்களும் உணவு வகைகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு 'ஐ வில் டிரை' என்பதற்கும், தொடர்ச்சியான 'எஸ் எஸ்' என்பதற்கும், வினாவுக்கு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி நிறுத்துவதற்கும் இரண்டு பத்திகள் சேர்க்கலாம். அப்பத்திகளை எழுதத் தகுதியுடையோர் தமிழ்த் துறைகளில் இருக்கின்றனர். இதுவரை எவரும் அவர்களைக் கேட்டதில்லை; அவர்களும் சென்று சொன்னதில்லை.